அவில் போட்டாச்சு, வீட்டுக்குப் போங்க என்றால் உடனே கிளம்பாதீர்கள்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் வீடுகளில் கை பொத்துப் போவது எல்லோருக்கும் பழகிய விஷயம். தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் அரிக்கும், கொப்பளிக்கும், சில நாளில் தோல் உரிந்து ஆறும். என் மகனுக்கு வந்தது அது இல்லை, முந்திரியைத் தின்றதால் வந்த கடும் அலர்ஜி என்று புரிய வைக்கவே அன்று ஆஸ்பத்திரியில் பாதி நேரம் போய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அவனுக்கு 4 வயது, 16 கிலோ எடை. உறவினர் வீட்டு வளைகாப்பில் ஒரு துண்டு முந்திரி கேக் தின்றான். சில நிமிடத்தில் நாக்கு அரிக்குது என்றான், வாந்தி எடுத்தான். காது மடல், கழுத்து, வயிறு எல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்தது. அப்புறம் விடாத இருமல். குரல் கம்மிப்போனது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"மொதல்ல ஓ.பி. சீட்டு போட்டுட்டு வாங்க" என்று கவுண்டரில் நிறுத்தினார்கள். என் கணவரை அங்கே விட்டுவிட்டு, பிள்ளையோடு நான் நேராக அவசர சிகிச்சை அறைக்குள் போய்விட்டேன். இரண்டு பேர் போனால் இதைத்தான் செய்ய வேண்டும். சீட்டு வரும்வரை குழந்தை காத்திருக்கக் கூடாது.

உள்ளே இருந்த நர்ஸ் தடிப்பைப் பார்த்த உடனே, "முந்திரிப் பால் பட்டிருக்கும்மா, ரெண்டு நாள்ல ஆறிடும்" என்றார். தொடவில்லை, தின்றிருக்கிறான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவில் என்ற அலர்ஜி ஊசியும் டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். தடிப்பு கொஞ்சம் அமுங்கியது. "பாருங்க, கொறஞ்சிடுச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." ஆனால் அவன் மூச்சில் விசில் சத்தம் கேட்டது, மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலா உள்ளே போனது. அதை யாரும் சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

என் நாத்தனார் புதுச்சேரியில் நர்ஸாக இருக்கிறாள். போன் போட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "அண்ணி, அட்ரினலின் போட்டாங்களா? தொடையில போடச் சொல்லுங்க. அதைப் போடாம அங்கேர்ந்து கிளம்பாதீங்க."

பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அவில், செட்ரிசின் மாதிரி மருந்துகள் அரிப்பையும் தடிப்பையும்தான் குறைக்கும். ஸ்டீராய்டு வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும். வீங்கி அடைக்கும் மூச்சுக் குழாயையோ, இறங்கிக்கொண்டிருக்கும் ரத்த அழுத்தத்தையோ இவை இரண்டும் சரிசெய்யாது. அதைச் செய்வது அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கணக்கில் போடுவார்கள். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு முறையும் போடலாம். தோலில் தடிப்பு குறைந்துவிட்டது என்பதை வைத்து ஆபத்து நீங்கியது என்று முடிவு கட்டக் கூடாது.

டியூட்டி டாக்டர் தயங்கினார். "நெஞ்சு படபடப்பு வரும்மா, சின்னக் குழந்தை" என்றார். நான் விடவில்லை. "சார், தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் மூணும் ஒண்ணா வந்திருக்கே, இது அனஃபிலாக்சிஸ் இல்லையா? நெஞ்சுல வெச்சுப் பாருங்க." உடம்பு முழுக்கத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய அலர்ஜிக்குத்தான் அந்தப் பெயர். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டவர் அதற்குமேல் எதுவும் பேசாமல் ஊசியைத் தயார் செய்தார். சில நிமிடங்களில் விசில் சத்தம் குறைந்தது, "அம்மா தண்ணி" என்று குரல் வந்தது. கை நடுங்கியது, முகம் வெளிறியது. அது மருந்தின் வேலை, தானாகவே அடங்கிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. வளைகாப்பு வீட்டில் ஒரு பெரியவர் அவனைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு நடக்கப் பார்த்தார். இந்த நேரத்தில் குழந்தையை நிமிர்த்தித் தூக்கவும் கூடாது, நடக்க விடவும் கூடாது. படுக்க வைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். மூச்சு விடத் திணறினால் காலை நீட்டி உட்கார வைக்கலாம். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

பிறகு 108இல் புதுச்சேரிக்குப் போனோம், இரவு முழுக்கக் கண்காணிப்பில் வைத்தார்கள். நடுராத்திரி தடிப்பு மறுபடி கிளம்பியது, பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போங்க என்ற பேச்சைக் கேட்டிருந்தால் அது வீட்டில் வந்திருக்கும்.

அடுத்த தொல்லை காகிதம். முதல் ஆஸ்பத்திரி தந்த சம்மரியில் 'தோல் ஒவ்வாமை' என்று மட்டும் இருந்தது. அட்ரினலின் போட்ட விவரமே அதில் இல்லை. அலர்ஜி டாக்டருக்கோ என்ன மருந்து, எப்போது போட்டார்கள் என்பது வேண்டும். திருத்தித் தரக் கேட்டுப் போனால், பெரிய டாக்டர் இல்லை, கம்ப்யூட்டரில் முடித்தாகிவிட்டது, நாளைக்கு வாங்க என்று அலைக்கழித்தார்கள். கடைசியில் கை கொடுத்தது மருந்து பில். அதில் அட்ரினலின் ஆம்பியூல் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) ஒன்று என்று அச்சாகியிருந்தது. மொத்த பில்லில் மிகக் குறைந்த தொகையும் அதற்குத்தான். அதை மேஜையில் வைத்தேன். அன்றே 'அனஃபிலாக்சிஸ்' என்று எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தார்கள். பில்லைத் தூக்கி எறியாதீர்கள்.

சில வாரம் கழித்துத் தோல் பரிசோதனை செய்தார்கள். முந்திரியும் பிஸ்தாவும் ஆகாது, வேர்க்கடலை ஆகும். முந்திரிக்கும் பிஸ்தாவுக்கும் சேர்ந்தே வருவது வழக்கமாம். பரிசோதனைக்கு முன் அலர்ஜி மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். எத்தனை நாள் முன்னால் என்று நேரம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அட்ரினலினைத் தானாகவே குத்தும் பேனா ஊசி எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. அனுமதி வாங்கி வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம். அதுவரைக்கும் ஆம்பியூலும் 1 மில்லி சிரிஞ்சும் எழுதித் தந்து, நர்ஸை வைத்துப் பழக்கினார் டாக்டர். ஒரு மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கும் ஆம்பியூலில் இவனுக்கு 0.16 மில்லி. உங்கள் பிள்ளையின் அளவை உங்கள் டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். இன்சுலின் சிரிஞ்சைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் கோடுகள் யூனிட் கணக்கில் இருக்கும், தசைவரை போக ஊசிக்கும் நீளம் போதாது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டால், "அது ஆஸ்பத்திரிக்குத்தாம்மா தருவோம்" என்று கடை கடையாகத் திருப்பி அனுப்பினார்கள். மருந்துச் சீட்டில் காரணத்தையும் 'அவசரத்துக்கு வீட்டில் வைத்திருக்க' என்ற வரியையும் டாக்டர் சேர்த்து எழுதிய பிறகுதான் ஒருவர் வரவழைத்துக் கொடுத்தார்.

பள்ளியில் இந்த மருந்தை வைத்திருக்க முதலில் முடியாது என்றார்கள். டாக்டர் கடிதம், எங்கள் சம்மதக் கடிதம், அவன் போட்டோ ஒட்டிய ஒரு பக்கக் குறிப்பு மூன்றையும் கொடுத்தோம். எல்.கே.ஜி. மிஸ் தானே முன்வந்து, தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சில் அளவு எடுக்கப் பழகிக்கொண்டார். மருந்துப் பை பூட்டாத அலமாரியில், வெயில் படாத இடத்தில் இருக்கிறது. அந்த மிஸ்ஸுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

பாக்கெட் தின்பண்டத்தில் முந்திரி இருந்தால் லேபிளில் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, படித்துப் பார்க்கலாம். பந்தியில் வரும் குருமாவுக்கு லேபிள் கிடையாது. விழுதாக அரைத்து விட்டிருப்பார்கள், கண்ணுக்கும் தெரியாது. சமையல்காரரையே கேட்டுவிடுகிறோம். விசேஷத்துக்கு அழைப்பவர்கள் சிலர் இப்போது அவனுக்குத் தனியாகத் தயிர்சாதம் எடுத்து வைக்கிறார்கள்.

வீட்டிலிருக்கும் ஆம்பியூலின் தேதி அடுத்த மாதத்தோடு முடிகிறது. அந்தக் கடைக்காரரிடம் சொன்னபோது, புதிது ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்.