நசுங்கிய பெட்டியும் வளைந்த ராடும்

ஐப்பசி அடைமழை. கும்பகோணத்தில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற ஒரு மதியம்தான் அந்தப் பெட்டி வந்தது. ஒரு மூலை உள்ளே போயிருந்தது, அட்டை ஊறியிருந்தது, டேப் பாதி பிரிந்து தொங்கியது. கொண்டுவந்த பையன், "அண்ணே, ஓடிபி சொல்லுங்க, மழை வலுக்குது" என்று நின்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டி மேல் போர்த்தித்தான் எடுத்து வந்திருந்தான். ஆனாலும் ஓடிபி சொல்வதற்கு முன் பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுத்தேன், முகவரிச் சீட்டு தெரிகிற மாதிரி. அவனும் தன் கைபேசியில் ஒன்று எடுத்துக்கொண்டான்.

எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது தொழில். அப்பா சிற்றுளியால் புள்ளி புள்ளியாக வெட்டுவார். நான் கையில் பிடிக்கும் மின்சார மிஷினால் வெட்டுகிறேன். சீர்வரிசைக் குடம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் வரும். கொஞ்ச நாளாக வீட்டுப் பேரை மரப்பலகையில் செதுக்கித் தரக் கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். எல்லோரையும் திருப்பி அனுப்புவது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அதற்காகத்தான் நாமே பூட்டிக்கொள்ளும் சிறிய சிஎன்சி கிட் ஒன்றை, அதாவது கணினி சொல்கிறபடி செதுக்கும் மிஷினை, வாங்கினேன். 3018 என்பார்கள்; 300க்கு 180 மில்லிமீட்டர் பரப்பில் செதுக்கும். எட்டு மாதச் சேமிப்பு.

பெட்டியைக் கடைத் தராசில் வைத்தேன். சீட்டில் இருந்ததைவிட முந்நூறு கிராம் கூடுதல். அட்டை குடித்த தண்ணீர்தான் அது. அப்புறம் தங்கையிடம் கைபேசியைக் கொடுத்து, நிறுத்தாமல் வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டுப் பிரித்தேன்.

உள்ளே பார்த்தபோது கோபம்தான் வந்தது. நாச்சியார்கோவிலிலிருந்து எங்களிடம் விளக்கு வரும். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே பிரபை என்று மரை கழற்றி, ஒவ்வொன்றையும் தனியாகத் தாளில் சுற்றி, இடையில் வைக்கோலைத் திணித்திருப்பார்கள். உலோகம் உலோகத்தைத் தொடாது. அப்படி வந்த விளக்கில் இதுவரை ஒரு கீறல்கூட நான் பார்த்ததில்லை. இந்தப் பெட்டியில் இரும்பு ராடுகளும் பேக்கலைட் என்கிற கெட்டி பிளாஸ்டிக் தகடுகளும் ஒரே பள்ளத்தில் கிடந்தன. நடுவில் ஒரு பஞ்சுத்தாள், அவ்வளவுதான். பக்கவாட்டுத் தகடு ஒன்று, மூலையிலிருந்து மோட்டார் துளை வரை விரிசல் விட்டிருந்தது. ஒரு பேரிங்கின் மூடி கழன்று, கடுகளவு குண்டுகள் பெட்டியின் அடியில் சிதறிக் கிடந்தன.

இவை கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாததுதான் ஆபத்து. அதனால் ஒரு திருகைக்கூட முடுக்காமல், இரண்டு நாள் ஒவ்வொரு உருப்படியாகச் சோதித்தேன். ராடுகளை ஷோகேஸ் கண்ணாடி மேல் உருட்டினேன். நேரான ராடு சத்தமில்லாமல் ஓடும். வளைந்தது தத்தித் தத்தி ஓடும், அடியில் வெளிச்சம் வந்து வந்து போகும். வழுக்கு ராடுகள் நான்கும் தேறின. மோட்டார் சுற்றச் சுற்ற மிஷினை நகர்த்தும், மரை போட்ட லீட் ஸ்க்ரூ ஒன்று தத்தியது. படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டார்களின் அச்சை விரலால் சுற்றிப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு 200 படி, எல்லாம் ஒரே சீராக விரலில் தட்டின. அடாப்டரைக் காதருகே குலுக்கினேன். உள்ளே எதுவும் உருளவில்லை. உருண்டிருந்தால் பிளக்கில் செருகியிருக்கவே மாட்டேன். ராடுகளைத் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் பூசி வைத்தேன். மழைக்கால ஈரத்தில் இரண்டே நாளில் துரு ஏறிவிடும்.

விற்றவர்கள் முதலில் முழுக் கிட்டையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அதே ஊறிய அட்டையில், அதே மழையில் அனுப்பினால் மிச்சமும் உடையும். கெட்டுப்போன மூன்று உருப்படி மட்டும் போதும் என்று, பூட்டும் விளக்கத்தாளில் இருந்த எண்களோடு எழுதினேன். பதிலுக்கு, 800 ரூபாய் தருகிறோம், முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்போதுதான் 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளைக் குறிப்பிட்டேன். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மரியாதையாகத்தான் எழுதினேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் கையில் இருந்தது, கூப்பிடத் தேவைப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் தகடும் பேரிங்கும் சரியாக வந்தன. லீட் ஸ்க்ரூ மட்டும் நீளம் குறைந்து வந்தது.

பொறுக்க முடியாமல் வளைந்ததை லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருக்கும் பெரியவர் இரண்டு முனையையும் லேத்தில் பிடித்து, வளைவை முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றினார். "நிமித்திக் குடுத்துடுவேன் தம்பி. ஆனா வளஞ்ச எடத்துல ஒரு பக்கம் மரை நெருங்கியிருக்கும், ஒரு பக்கம் விரிஞ்சிருக்கும். நட்டு அங்க வந்தா இறுகும்" என்றார். நிமிர்த்தியும் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அதைப் போட்டு மிஷினைப் பூட்டினேன். அடிச்சட்டத்தை மூலைமட்டம் வைத்து இறுக்கிவிட்டு மூலைக்கு மூலை அளந்தால் 2 மில்லிமீட்டர் வித்தியாசம். தளர்த்தி மறுபடி இறுக்கியதில் அது சரியானது. கத்திக்குப் பதில் பேனாவைக் கட்டி ஒரு கோடு போட்டேன். சும்மா பார்த்தால் நேர்கோடு. பேர் வெட்டும்போது வைக்கும் லென்ஸில் பார்த்தால் அலை. அலைக்கு அலை அளந்தேன், சரியாக 4 மில்லிமீட்டர். இந்த ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு நகர்த்துவதும் 4 மில்லிமீட்டர்தான். மோட்டாரின் ஒவ்வொரு படியையும் 16 நுண்படியாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 3,200, அதாவது மில்லிமீட்டருக்கு 800. கணினியில் கொடுத்த அந்த எண்ணில் தவறில்லை. ராடு நிமிர்ந்திருக்கிறதே தவிர நேராகவில்லை. கோட்டுப் படத்தையும் அளவையும் சேர்த்து மறுபடி எழுதினேன். கூடவே, பிவிசி குழாய்க்குள் வைத்து அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அப்படியே அனுப்பினார்கள். ஆறு நாளில் வந்தது, கண்ணாடியில் சத்தமில்லாமல் ஓடியது. போன வாரம் தேக்குப் பலகையில் முதல் பேர் செதுக்கினேன். 'ழ'வின் சுழியை அப்பா நகத்தால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார், எங்கும் தட்டவில்லை.

கும்பகோணம் பக்கம் யாருக்காவது இப்படிப் பெட்டி வந்தால், பூட்டுவதற்கு முன் கடைக்கு எடுத்து வாருங்கள். தராசும் கண்ணாடியும் லென்ஸும் இருக்கின்றன, உட்கார்ந்து பார்த்துவிடலாம்.