அட்சதை காணாமல் போன திருமண வீடியோ

2006ஆம் ஆண்டு நடந்த அக்காவின் திருமணத்துக்கு வீடியோக்காரர் கொடுத்த மூன்று டிவிடிகளைச் சுருக்கிக் கணினியில் ஏற்றும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்று நம்பித்தான் தொடங்கினேன். ஆறு வாரம் ஆயிற்று.

முதலில் எங்கள் ஊர்க் கடை ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன். நான்கு நாள் அலையவிட்டு, பென் டிரைவில் தலா 400 எம்பி அளவில் மூன்று கோப்புகளைத் தந்தார்கள். நாதஸ்வரக்காரரின் விரல்கள் அசையும்போதெல்லாம் ஓரங்களில் சீப்புப் பல்லைப் போலக் கோடு கோடாகத் தெரிந்தது. கேட்டதற்கு, “பழைய வீடியோன்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்று பதில் வந்தது. அதே வட்டை வீட்டு டிவிடி பிளேயரில் போட்டால் ஒரு கோடும் இல்லை என்பதால், குறை வீடியோவில் இல்லை, சுருக்கிய விதத்தில்தான் இருக்கிறது என்று புரிந்தது.

அதன் பிறகு நானே உட்கார்ந்தேன். முதல் இரண்டு வட்டுகளும் சிக்கலின்றி ஐஎஸ்ஓ கோப்புகளாக (வட்டின் முழு நகல்களாக) இறங்கின. மூன்றாவது வட்டு பாதியில் நின்றுவிட, மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து (வட்டமாகத் துடைக்கவே கூடாது), பழுதான வட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை இரவு முழுவதும் ஓடவிட்டு மீட்டேன். பந்திக் காட்சியில் இரண்டு நொடி மட்டும் போயிற்று.

வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 576பி25 என்ற தயார் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் என்ற எண்ணை 22இல் வைத்து, மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தால் படம் முழுவதும் புள்ளி புள்ளியாக இருந்ததால் இரைச்சல் நீக்கும் வடிகட்டியையும் ஆசையாகப் போட்டுவிட்டேன். கோடுகள் போய்விட்டன, முகங்கள் பளிச்சென்று இருந்தன. அம்மாவிடம் பெருமையாகப் போட்டுக் காட்டியபோது, தாலி கட்டும் இடம் வந்ததும், “ஏன்டா, யாருமே அட்சதை போடலையா?” என்று கேட்டார். எல்லோரும் கையை உயர்த்தி வீசுகிறார்கள், ஆனால் காற்றில் ஒரு அரிசி கூட இல்லை. ஒவ்வொரு அரிசியும் ஓரிரு புள்ளி அகலத்தில் ஒரு கணம் மட்டும் தோன்றி மறைவதால், வடிகட்டி அதையும் இரைச்சல் என்று எடுத்துத் துடைத்துவிட்டிருக்கிறது. அன்றே அந்த வடிகட்டியை அணைத்தவன், பிறகு அதைத் தொடவில்லை.

அடுத்து ஓட்டத்தில் குறை கண்டேன். நம் நாட்டு டிவிகளுக்கான பால் (PAL) முறை டிவிடியில் நொடிக்கு 25 படங்கள் என்றாலும், வீடியோ கேமராவில் எடுத்தவற்றில் ஒவ்வொரு படத்துக்குள்ளும் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளியில் பதிவான இரண்டு ஃபீல்டுகள் (அரைப் படங்கள்) ஒன்றுவிட்ட வரிகளாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றை அப்படியே ஒட்டினால் கடைக்காரர் தந்த சீப்புப் பல் வரும். ஒன்றை வீசினால் அசைவில் பாதி போய்விடும். ஃபீல்டுகளைப் பிரிக்கும் டீஇன்டர்லேஸ் பகுதியில், ஒவ்வொரு ஃபீல்டையும் தனிப் படமாக்கும் பாப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் 50 அசைவுகளும் கிடைக்க வேண்டும், ஆனால் எனக்குக் கிடைக்கவில்லை. நான் எடுத்த தயார் அமைப்பு பிரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை படம் என்பதை) 25க்கு மேல் போகவிடாமல் கட்டிப்போட்டிருந்ததைக் கண்டுபிடிக்க இரண்டு மாலைகள் வீணாயின. பிரேம் ரேட்டை, மூலத்தில் உள்ளபடியே என்று மாற்றிய பிறகுதான் தவில்காரரின் கை தவில்காரரின் கையாக ஓடியது.

வரவேற்பு நிகழ்ச்சி அடங்கிய இரண்டாம் வட்டில் மட்டும், நடந்து வருபவர்கள் ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே என்று தடுமாறினார்கள். அக்கால டிஜிட்டல் வீடியோ (DV) நாடா கேமராக்களில் இரண்டு ஃபீல்டுகளில் கீழ் ஃபீல்டு முதலில் வரும்; வட்டிலோ மேல் ஃபீல்டு முதலில் என்று குறிக்கப்பட்டிருந்தது. வரிசையைக் கையால் மாற்றியதும் சரியாயிற்று. அந்த வட்டு டிவியிலும் எப்போதும் சற்று அதிர்ந்துகொண்டுதான் ஓடும். எனவே இந்த ஒரு விஷயத்தில் என் நகல் மூலத்தைவிட மேல் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

இத்தனைக்கும் பிறகே தர எண்ணுக்கு வந்தேன். முதலிலேயே அதில் மல்லுக்கட்டுவது வீண். முழு வட்டையும் ஓட்டாமல், அட்சதை விழும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெவ்வேறு எண்களில் சுருக்கிப் பாருங்கள். ஹேண்ட்பிரேக் பயன்படுத்தும் எக்ஸ்264 என்ற சுருக்கு முறையில் எண் குறையக் குறையத் தரமும் அளவும் கூடும். ஆறு குறைந்தால் அளவு ஏறக்குறைய இரட்டிக்கும். 22இல் மேடைக்குப் பின்னிருந்த திரைச்சீலை கட்டம் கட்டமாக உடைந்தது. 20இல் அரிசி தப்பியது, பட்டுப்புடவையின் சரிகை மட்டும் கேமரா திரும்பும்போது கரைந்தது. 18இல் மூலத்துக்கும் நகலுக்கும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. 16இல் கோப்புதான் பெருத்தது. 18ஐ வைத்து, சுருக்கும் வேகத்தை ஸ்லோவர் என்று குறைத்தேன். 4.2 ஜிபி வட்டு 2.1 ஜிபியில் அடங்கியது. கிராபிக்ஸ் சிப்பின் உதவியோடு சுருக்கினால் நான்கு மணி நேர வேலை இருபது நிமிடத்தில் முடிகிறதுதான். ஆனால் அதே அளவில் சரிகை மறுபடியும் கரைந்தது. அதற்கு அடுத்த தலைமுறை முறையான எக்ஸ்265இல் சுருக்கிய கோப்பை அக்கா வீட்டுப் பழைய டிவி திறக்கவே மறுத்தது.

ஒலியைத் தொடாமல் அப்படியே கடத்திவிடுங்கள். டிவிடியில் உள்ள 192 கேபிபிஎஸ் (நொடிக்கு 192 கிலோபிட்) ஏசி3 வகை ஒலி ஒரு மணி நேரத்துக்கு 86 எம்பிதான். அதில் மிச்சம் பிடிக்கப் போய் நாதஸ்வரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 720க்கு 576 என்ற அளவைச் சதுரப் புள்ளியாக எடுத்துக்கொண்டால் எல்லோரும் சற்று மெலிந்துவிடுவார்கள். படத்தின் அகல உயர விகிதத்தைச் சரியாகக் காட்டும் அனமார்ஃபிக் அமைப்பை ஆட்டோவில் விடுங்கள். அக்காவுக்கு அந்த மெலிந்த நகல்தான் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

ஐஎஸ்ஓ கோப்புகள் மூன்றையும் அழிக்காமல் தனி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். கடைக்காரர் கொடுத்த பென் டிரைவைத் துடைத்து, புதிய கோப்புகளை அதில்தான் ஏற்றி அக்காவுக்கு அனுப்பினேன்.