ஃப்ளாட்டுக்கு மேல தாழப் பறந்த நாசா விமானம்

சிங்கப்பூர் ஹவ்காங்ல இருக்குற எனக்கு போர் விமானச் சத்தம் பழக்கம்தான், ஆனா 2024 மார்ச்ல பேங்காக்லேர்ந்து அக்கா அனுப்புன வீடியோவே வேற, நாலு எஞ்சின் வச்ச பெரிய வெள்ளை ஜெட் ஒண்ணு வீடுங்க மேல அவ்ளோ தாழப் போகுது, "என்னடா இது"ன்னு பயந்துட்டாங்க.

அது நாசாவோட டிசி-8 விமானம் அக்கா, காத்து மாசை அளக்க வந்த பறக்கும் லேப்! தென்கொரியாவோட காத்து மாசைப் பாக்குற ஜெம்ஸ் சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் மேலேர்ந்து பாக்குது, ஆனா நாம மூச்சு விடுற உயரத்துல எவ்ளோ மாசுன்னு அதால மட்டும் சரியா சொல்ல முடியாது, அதான் விமானம் கீழ இறங்கி காத்தை உள்ள இழுத்து அளந்துச்சு.

2013 ஜூன்ல இங்க சிங்கப்பூர்ல காத்து மாசைக் காட்டுற பிஎஸ்ஐ குறியீடு 401 தொட்டுச்சே, அந்தப் புகைமூட்டத்தைப் பாத்தவங்களுக்கு இதோட அருமை புரியும். டிசி-8 2024லயே ஓய்வு வாங்கிடுச்சு, அதுக்குப் பதிலா அடுத்து வர்ற நாசாவோட போயிங் 777 விமானம் நம்ம ஊர் மேலயும் பறக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு.