கூலிச் சீட்டும் கைத்துப்பாக்கியும்: ஊர் கூடிப் படித்த ஒரு நாவல்

பிப்ரவரி 3, 2024, சனி

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் எங்கள் ஊர் நூலகத்தில், ஊரார் அனைவரும் ஒரே நாவலைப் படித்துப் பேசும் திட்டம் இன்று தொடங்கியது. 1998இல் சியாட்டில் நூலகத்தில் நான்சி பேர்ல் என்ற நூலகரின் முயற்சியில் பிறந்த இந்த ஏற்பாடு, 2001இல் சிகாகோவுக்குச் சென்று, பின்னர் சிற்றூர்கள் வரை பரவிவிட்டது. இந்த ஆண்டு எங்கள் ஊர் தேர்ந்தெடுத்திருப்பது சார்லஸ் போர்ட்டிஸ் 1968இல் வெளியிட்ட ‘ட்ரூ கிரிட்’. ஆசிரியர் இம்மாநிலத்தவர் என்பதாலும், கதை தொடங்கும் ஃபோர்ட் ஸ்மித் நகரம் எங்களுக்குத் தெற்கே காரில் போய்த் திரும்பும் தொலைவில்தான் இருக்கிறது என்பதாலும் இந்தத் தேர்வில் வியப்பில்லை.

வாசலில் வைக்கோல் கட்டுகள், உள்ளே அகன்ற விளிம்புத் தொப்பிகள், குழந்தைகளுக்குத் தகர நட்சத்திரங்கள் என்று எல்லைப்புறக் காலத்தைத் திருவிழாவாகவே ஆக்கியிருந்தார்கள். சுவரொட்டியில் நாவலின் தலைப்பைவிடத் துப்பாக்கி பெரிதாக இருந்தது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றாலும், இலவசப் பிரதிக்கு நின்றவர்களின் வரிசை நாளிதழ் அறைவரை நீண்டிருந்ததைக் கண்டபின், ஆட்களை உள்ளே வரவழைக்கத் துப்பாக்கிப் படம் உதவுமானால் உதவட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கதை 1870களில் நடக்கிறது. மாட்டி ராஸ் என்ற 14 வயதுச் சிறுமியின் தந்தையை, அவரிடமே வேலை பார்த்த டாம் சேனி என்பவன் ஃபோர்ட் ஸ்மித்தில் சுட்டுக்கொன்றுவிட்டு, ஆற்றுக்கு அப்பால், அமெரிக்கப் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்த ‘இந்தியப் பிரதேசத்துக்குள்’ ஓடிவிடுகிறான். அவனைப் பிடிக்க ரூஸ்டர் காக்பர்ன் என்ற ஒற்றைக்கண் மார்ஷலை (கூட்டாட்சி நீதிமன்றத்தின் காவல் அதிகாரியை) கூலி பேசி அமர்த்தும் அவள், தானும் கூடவே வருவேன் என்று நிற்கிறாள். முதுமையை எட்டியபின் அவளே சொல்லும் கதை இது.

பழிவாங்கும் கதைதானே என்று எடுத்த எனக்கு, முதல் சண்டையே குதிரை வியாபாரியின் அலுவலகத்தில் பேரமாக நடந்தது இன்ப அதிர்ச்சியாக இருந்தது. தந்தை வாங்கிய மட்டக்குதிரைகளை வியாபாரியே திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும் என்பதோடு, அவருடைய கொட்டிலில் இருந்து திருடுபோன தந்தையின் குதிரைக்கும் அவர்தான் பொறுப்பு என்று அவள் வாதாடுகிறாள். வியாபாரி சிரிக்கிறார், சினக்கிறார், கடைசியில் களைத்துப்போகிறார். அவள் குரலை உயர்த்துவதே இல்லை. டார்டனெல் ஊரில் இருக்கும் தன் குடும்ப வக்கீலின் பெயரை மட்டும் அவ்வப்போது எடுத்து வைக்கிறாள். பணம் கைக்கு வந்தபின், அதே குதிரைகளில் ஒன்றை அதே வியாபாரியிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டும் போகிறாள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் இதைக் கேட்டுவிட்டு, “வக்கீல் பேரைச் சொல்லியே ஜெயிச்சிடுறாளே அப்பா, துப்பாக்கியே வேண்டாம் போலிருக்கே” என்றாள். அலுவலகத்தில் நாள் முழுவதும் விலைப்பட்டியல்களைச் சரிபார்த்துப் பிழைக்கும் எனக்கு, இந்தப் பெண்ணை வேலைக்கு எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும் என்று தோன்றியது.

பிப்ரவரி 17, சனி

போர்ட்டிஸ் மறைந்து இன்றோடு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதையொட்டி நூலகத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உரையாற்றினார். இம்மாநிலத்தின் எல் டொராடோவில் 1933இல் பிறந்தவர், கொரியப் போரில் அமெரிக்க மரைன் படையில் பணியாற்றியவர், நியூயார்க் ஹெரால்டு ட்ரிப்யூன் இதழின் லண்டன் அலுவலகத் தலைவராக இருந்தவர், அதை உதறிவிட்டு ஊர் திரும்பி நாவல் எழுதியவர் என்று வாழ்க்கைக் குறிப்பை வேகமாக முடித்துவிட்டு, மாட்டியின் நடைக்கு வந்தார். கொலையானாலும் வானிலையானாலும் வட்டி விகிதமானாலும் அவள் ஒரே குரலில், ஒரு சொல்லைக்கூடச் சுருக்காமல், நீதிமன்ற வாக்குமூலம் போலச் சொல்லிப்போகிறாள். நாவலின் நகைச்சுவை முழுவதும் அந்த விறைப்பில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். தன் பேச்சில் சிரிப்பு இருக்கிறது என்று மாட்டிக்குக் கடைசிவரை தெரியாது.

பிப்ரவரி 24, சனி

நூலகம் ஏற்பாடு செய்த பேருந்தில் ஃபோர்ட் ஸ்மித் தேசிய வரலாற்றுத் தலத்துக்குப் போய்வந்தோம். ஐசக் பார்க்கர் 1875 முதல் 1896 வரை நீதிபதியாக இருந்த கூடம், பழைய படைவீரர் குடியிருப்புக் கட்டடத்தில் மீண்டும் அமைக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே, காற்றும் வெளிச்சமும் இல்லாமல் கைதிகளை அடைத்துவைத்திருந்த நிலவறை. பார்க்கர் 160 பேருக்கு மரண தண்டனை விதித்தார், அவர்களில் 79 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வெளியே புதிதாகக் கட்டிய தூக்குமேடை நிற்கிறது. எங்களோடு வந்தவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், நான் எடுக்கவில்லை.

என்னைப் பிடித்து நிறுத்தியது துணை மார்ஷல்களின் ஊதிய விவரம். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பயணத்துக்கு மைலுக்கு 6 சென்ட், கைது செய்தால் இவ்வளவு, பிடியாணை சேர்ப்பித்தால் இவ்வளவு என்று கூலிச் சீட்டு எழுதிக்கொடுத்துத்தான் பணம் பெற வேண்டும். அதிலும் ஒரு பங்கைத் தலைமை மார்ஷல் எடுத்துக்கொள்வார். பிடிக்க வேண்டிய குற்றவாளி வழியில் செத்தால் கூலி போய்விடும், புதைக்கும் செலவும் பெரும்பாலும் தலையில் விழும். இந்த முறையை அமெரிக்க நாடாளுமன்றம் 1896இல்தான் மாற்றிச் சம்பளம் ஏற்படுத்தியது. இதைத் தெரிந்துகொண்டபின், நாவலில் குறுக்கு விசாரணையின்போது நான்கு ஆண்டுகளில் 23 பேரைச் சுட்டுக்கொன்றதாகக் காக்பர்ன் ஒப்புக்கொள்ளும் காட்சி எனக்கு வேறாகத் தெரிகிறது. அது வீரம் என்றோ கொடுமை என்றோ தீர்ப்புச் சொல்வதற்கு முன், கணக்குப்படி பார்த்தால் அந்த மனிதர் தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டவர். அவருடைய கூலிச் சீட்டுகள் அலங்கோலமாகக் கிடப்பதைப் பார்த்து மாட்டி தானே உட்கார்ந்து சரிசெய்து தரும் இடம்தான், இந்த இருவரும் கூட்டாளிகளாகும் உண்மையான இடம் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் பாஸ் ரீவ்ஸின் சிலையைப் பார்த்தோம். அடிமையாகப் பிறந்து, இதே நீதிமன்றத்தின் துணை மார்ஷலாகி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கைது செய்ததாகப் பெயர்பெற்றவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிடியாணைகளைப் பிறரைப் படிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு காட்டுக்குள் போவாராம். குதிரைமேல் துப்பாக்கியோடு அமர்ந்திருக்கும் அந்தச் சிலையைப் பார்த்தபோது, எந்தத் தாள் யாருடையது என்று அவர் அடையாளம் கண்ட விதத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 1, வெள்ளி

இன்று இந்த நாவலை வைத்து எடுத்த படங்களின் திரையிடல். ஜான் வெய்னுக்கு அவருடைய ஒரே ஆஸ்கரைப் பெற்றுத்தந்த 1969ஆம் ஆண்டுப் படத்தையும் 2010ஆம் ஆண்டுப் படத்தையும் அடுத்தடுத்துக் காட்டினார்கள். முதலாவது கொலராடோவில் எடுக்கப்பட்டதால், ஆர்கன்சாவை ஒட்டிய நிலம் என்று சொல்லிக்கொண்டு பனி மூடிய சிகரங்கள் நிற்கின்றன. அரங்கில் சிரிப்பு எழுந்தது.

இரண்டாவது படத்தில் ஒரு நொடி என்னைத் தைத்தது. மூவரைத் தூக்கிலிடும் காட்சியில் இரண்டு வெள்ளையரும் கடைசி வார்த்தைகளைப் பேசி முடித்தபின், மூன்றாவதாக நிற்கும் அமெரிக்கப் பழங்குடியினர் (கதையின் மொழியில் ‘இந்தியர்’) வாயைத் திறந்தவுடன் முகமூடி கவிழ்ந்துவிடுகிறது. நாவலில் அந்த மனிதர் பேசுகிறார். தன் பாவங்களுக்கு வருந்திவிட்டதாகவும் ஆண்மகனாகச் சாகப்போவதாகவும் சொல்கிறார். படம் செய்த மாற்றம் வரலாற்றுக்கு நியாயமானது. நாவல் தந்த குரலை அது பறித்துக்கொண்டது என்பதும் உண்மை. எது சரி என்று எனக்குள் இன்னும் முடிவாகவில்லை.

மார்ச் 9, சனி

நிறைவுக் கலந்துரையாடலுக்கு பக்கத்து மாநிலமான ஓக்லஹோமாவிலிருந்து சாக்டா பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி வந்திருந்தார். மாட்டியும் காக்பர்னும் ஆற்றைக் கடந்து போன நிலம், 1830ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப்பின் மிசிசிப்பியிலிருந்து துரத்தப்பட்ட தம் மக்கள் வந்து சேர்ந்த நாடு என்று அவர் தொடங்கினார். அங்கே அவர்களுக்கென்று சட்டமும் நீதிமன்றமும் குதிரைக் காவல்படையும் இருந்தன; நாவலில்கூடச் சாக்டா காவல்படைத் தலைவர் ஒருவர் வருகிறார். வெள்ளையர் செய்த குற்றத்தை அந்த நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்பதால்தான் டாம் சேனி போன்றவர்கள் அங்கே ஓடினார்கள், பார்க்கரின் ஆட்கள் அவர்களைத் தேடிவந்தார்கள். “சட்டம் இல்லாத நாடு என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறீர்கள். எங்களுக்குச் சட்டம் இருந்தது, உங்கள் ஆட்கள்மேல் அது செல்லவில்லை” என்றார் அவர். மஸ்கோகி என்ற பழங்குடி இனத்தாரின் ஒதுக்கீட்டு நிலம் சட்டப்படி இன்றும் நீடிக்கிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்ததையும், அடுத்த ஆண்டே ஓக்லஹோமா நீதிமன்றம் அதைச் சாக்டா நிலத்துக்கும் பொருத்தியதையும் அவர் விளக்கியபோது, இது பழங்கதை என்று நினைத்து வந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பேச்சு பின்னர் நாவலின் முடிவுக்குப் போனது. 1903இல், ஒரு கையை இழந்து வங்கி நடத்திவரும் மாட்டி, காக்பர்ன் ஊர்சுற்றும் எல்லைப்புறக் காட்சிக் குழு ஒன்றில் வேடிக்கைப் பொருளாக இருப்பதை அறிந்து மெம்பிஸுக்குப் போகிறாள். அதற்குச் சில நாள் முன்பே அவர் இறந்துபோயிருக்கிறார். அந்தக் குழுவை நடத்திய கோல் யங்கரும் ஃபிராங்க் ஜேம்ஸும் உண்மையான முன்னாள் கொள்ளையர்கள். வைக்கோல் கட்டும் தகர நட்சத்திரமும் வைத்து நாம் கொண்டாடியதற்கும் அந்தக் காட்சிக்கும் என்ன வேறுபாடு என்று ஒருவர் கேட்டார். நாம் டிக்கெட் விற்கவில்லை என்றார் நூலகர். எல்லோரும் சிரித்தாலும் கேள்வி அப்படியே இருந்தது. மாட்டியோ காக்பர்னின் உடலைத் தன் ஊருக்கு வரவழைத்து, 65 டாலர் பளிங்குக் கல் நாட்டினாள் என்பதை விலையோடு சேர்த்தே நமக்குச் சொல்கிறாள்.

அடுத்த ஆண்டு ஆற்றுக்கு அப்பாலிருந்து, சாக்டா அல்லது செரோக்கி எழுத்தாளர் ஒருவரின் நாவலை எடுக்கலாம் என்று நான் சொன்னதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. வாய்மொழியாகச் சொன்னால் போதாது, ஏப்ரல் மாத இறுதிக்குள் படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்றார்கள். மூதாட்டியிடம் நூற்பெயர்கள் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.