மருதமரத்து மடு

வீரசோழன் ஆற்றிலிருந்து பிரிந்து எங்கள் ஊர் வயல்களின் ஊடே வளைந்து செல்லும் வாய்க்காலின் அகலம் எட்டு அடிக்கு மேல் இராது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவார்கள் என்பதால், ஆண்டில் நான்கு மாதத்துக்கும் மேலாக இந்த வாய்க்காலுக்கு ஆற்றுநீர் கிடையாது. அந்த மாதங்களில் மீன்கள் எங்கே இருந்தன என்பதை, அவை குறையத் தொடங்கிய பிறகுதான் நான் கவனித்தேன்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி வாய்க்கால் கரை தொட்டு ஓடும்போது, கெண்டையும் கெளுத்தியும் குரவையும் மடை வழியாக நீரை எதிர்த்துச் சம்பா வயலுக்குள் ஏறும். நாற்றின் தூர்களுக்கு இடையே முழங்கால் அளவுகூட இல்லாத, வெயில் பட்டு வெதுவெதுப்பாகக் கிடக்கும் அந்த நீர்தான் அவற்றின் பேறுகால வீடு. அறுவடைக்கு முன் நாங்கள் வயலை வடிய விடும்போது குஞ்சுகள் அதே மடை வழியாக வாய்க்காலுக்குத் திரும்பும்.

விரால் தன் குஞ்சுகளை வளர்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சென்ற கார்த்திகையில், கோரைப்புல் ஒதுங்கியிருந்த ஒரு மூலையில் உலைநீர் கொதிப்பதைப் போல நீர் குமிழியிட்டது. குனிந்து பார்த்தால், நெல்மணி அளவே உள்ள செந்நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு முழம் கீழே தாய் மீனின் கரிய முதுகு அசையாமல் நின்றது. குஞ்சுகளுக்கு அருகில் எது வந்தாலும் பாய்ந்து கவ்வும் என்பதால் அந்தச் சமயத்தில் விரால் தூண்டிலில் எளிதாகச் சிக்கும். தாய் போய்விட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். குஞ்சோடு திரியும் விராலைத் தொடாதே என்று என் சித்தப்பா கண்டிப்பாகச் சொல்வார், நானும் தொடுவதில்லை.

பனையேறிக்கெண்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1791-இல் எங்களுக்கு அடுத்த தரங்கம்பாடியில், டேனிஷ் கம்பெனியின் அதிகாரி டால்டார்ஃப் இம்மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797-இல் வெளியிட்டது. அது மரம் ஏறி நான் பார்த்ததில்லை. ஆனால் மழை ஓய்ந்த ஒரு காலையில், செவுள்மூடியின் முட்களை ஈர மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி, ஒரு மீன் எங்கள் வரப்பைத் தாண்டி அடுத்த வயலுக்குள் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கோடையில் இவை அனைத்துக்கும் புகலிடம் மருதமரத்தடி மடுதான். வேர் அரித்த பள்ளத்தில் பங்குனி, சித்திரை வரை இடுப்பளவு நீர் நிற்கும்; அது வற்றினாலும் விரால் சேற்றுக்குள் புதைந்து காத்திருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாய்க்காலின் மேல்பகுதிக்குத் தளமும் செங்குத்துச் சுவரும் கான்கிரீட்டில் கட்டினார்கள். கடைமடைக்கு நீர் விரைவாகச் சேர்கிறது என்பது உண்மை, அந்தப் பயனை நானும் அடைகிறேன். ஆனால் மேல்பகுதியில் இருந்த இரண்டு மடுக்களும் தூர்க்கப்பட்டன. அணை மூடிய ஒரு வாரத்தில் அங்கே தரை காய்ந்துவிடுகிறது. மடையின் வாயும் தளத்திலிருந்து இரண்டடி உயரத்துக்குப் போய்விட்டதால், கெண்டை வயலுக்கு ஏற வழியில்லை. அங்கங்கே தேங்கும் நீரில் இப்போது பெரும்பாலும் ஜிலேபி மீன்தான். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால், அதற்கு வயலும் வேண்டாம், கோரையும் வேண்டாம்.

கான்கிரீட் எங்கள் வயலுக்கு முன்பே நின்றுவிட்டதால் மருதமரத்து மடு தப்பியது. அடுத்த கட்டப் பணியில் அந்த முப்பது அடியை மட்டும் மண்ணாகவே விட்டு, மடைகளின் முன்னே சரிவாகக் கல் பதித்துத் தருமாறு நாங்கள் பதினோரு விவசாயிகள் கையொப்பமிட்டு மனு கொடுத்திருக்கிறோம். நேற்று மாலை மடுவில் முழங்கால் அளவு நீர் இருந்தது. வேருக்கு அடியில் இரண்டு விரால்கள் மாறி மாறி மேலே வந்து மூச்சு வாங்கிச் சென்றன.