ஒரு பாகை

ஜனவரி 5, 2025, ஞாயிறு

மகளுக்குப் பத்தாம் வகுப்பில் ஏற்றக்கோணம் நடக்கிறது. கணக்குக்குக் கணக்கு கலங்கரை விளக்கம். மெரினாவின் கலங்கரை விளக்கம் கூப்பிடு தூரத்தில் நிற்கும்போது புத்தகத்துப் படம் எதற்கு என்று கிளம்பிவிட்டோம். பாகைமானியின் நேர்விளிம்பில் ஸ்ட்ராவை ஒட்டி, நடுவில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டோம். ஸ்ட்ரா வழியே உச்சியைப் பார்க்கும்போது நூல் 90-ஐ விட்டு எத்தனை பாகை விலகுகிறதோ, அதுதான் ஏற்றக்கோணம்.

சுவர் குறுக்கே இருப்பதால் அடிவரை டேப் போகவில்லை. 45 பாகை காட்டிய இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்தாள். அதே நேர்க்கோட்டில் பின்னுக்கு நடந்து, 30 காட்டியதும் நின்றாள். இடையில் 32 மீட்டர். 45-ல் தூரமும் உயரமும் சமம், 30-ல் தூரம் உயரத்தைப் போல் 1.732 மடங்கு. அப்படியென்றால் அந்த 32 மீட்டர், உயரத்தில் 0.732 பங்கு. வகுத்தால் 43.7. கண்மட்டம் 1.5 சேர்த்தால் 45.2. உண்மையில் அது ஏறத்தாழ 46 மீட்டர். தொடாமலே அளந்துவிட்டாள்! எனக்கே புல்லரித்தது.

ஜனவரி 12, ஞாயிறு

மச்சானின் ஃபைபர் படகில் போனோம். உயரம் தெரியுமே, கடலிலிருந்து கோணம் எடுத்தால் கரை எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம் என்பது மகளின் திட்டம். நட்டு நிற்கவே இல்லை. அலை ஏறினால் ஒரு பக்கம், இறங்கினால் மறு பக்கம்.

"மாமா, படகைக் கொஞ்சம் ஆடாம நிறுத்துங்களேன்!"

"கடல்கிட்டதான் கேக்கணும் கண்ணு."

ஒரு தடவை 1 பாகை என்றாள், அடுத்த தடவை 2. கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்பிடித்துத்தான் மச்சானின் அப்பா, மீன் கூடும் கடலடிப் பாறையான 'பார்' இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பாராம். மச்சானுக்கு இப்போது ஜிபிஎஸ்.

ஜனவரி 14, பொங்கல்

விளக்கின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டர் என்று வைத்துப் போட்டுப் பார்த்தோம். 2 பாகை என்றால் தூரம் 1,432 மீட்டர். 1 பாகை என்றால் 2,864. ஒரே ஒரு பாகையில் தூரம் இரட்டித்துவிடுகிறது! கரையில் ஒரு பாகை தப்பியிருந்தால் உயரத்தில் சில மீட்டர்தான் பிசகியிருக்கும். கோணம் சிறுக்கச் சிறுக்கப் பிழை பூதமாகிறது. மாலுமிகள் வைத்திருந்த செக்ஸ்டண்ட் என்ற கோணம் அளக்கும் கருவியில் பாகையை 60 கலைகளாகப் பிரித்து வாசிக்கலாம். 1 பாகையில் ஒரு கலை தப்பினால் தூரத்தில் 47 மீட்டர்தான் போகும். நூல், நட்டு எதுவும் கிடையாது. விளக்கின் உச்சியைக் கண்ணாடி வழியே இறக்கிக் கடல்மட்டத்தோடு ஒட்டவைத்துப் பார்ப்பார்கள். படகு ஆடினால் இரண்டும் சேர்ந்தே ஆடும்.

ஜனவரி 18, சனி

பரங்கிமலை. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் இதன் அருகேதான் ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஒரு கோட்டை அளந்து, மற்ற தூரங்களைக் கோணங்களால் கணக்கிட்ட இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்கு முதல் கோடு அது. 100 அடி எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதால் மரப்பெட்டிகளில் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து அளந்தார்கள். 57 நாள் பிடித்தது. கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட் கருவி ஒன்று 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது மோதி நெளிந்துவிட, தானே உட்கார்ந்து பல வாரம் தட்டிச் சரிசெய்தாராம். அந்த மனுஷனைக் கும்பிடத் தோன்றியது.

இறங்கும் வழியில் மகள் கேட்டாள்: "அப்பா, சின்னக் கண்ணாடி ரெண்டு எங்க கிடைக்கும்?"