அரிசி மில்லில் கரண்ட் பில் இறங்கிய விதம்

கிளிநொச்சிப் பக்கம் நடுத்தர அளவு அரிசி மில் ஒன்றில் செய்து பார்த்தவை இவை. நெல்லை உடைத்து உமி நீக்கும் றப்பர் றோல் மெசின், இரண்டு பொலிஷர், எலிவேற்றர்கள், உமி இழுக்கும் புளோவர், அவித்த நெல்லுக்கு டிரையர், பக்கத்தில் ஒரு சின்னக் கந்தோர். இலங்கையில் 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அதன்மேல் இன்னொரு 66 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் ஒரு ரூபாய் கட்டிய இடத்தில் கிட்டத்தட்ட மூன்று ரூபாய். அந்த நேரம் கேட்ட இடமெல்லாம் ஒரே புத்திமதிதான்: பல்பை மாற்று, கூரையில் சோலார் போடு. இரண்டும் பிறகு வந்தன. பில் இறங்கத் தொடங்கியது அவற்றுக்கு முதலே.

முதல் இரண்டு கிழமையும் எந்தச் சாமானும் வாங்கவில்லை. மீற்றரை வாசித்ததுதான் வேலை. 42 கேவிஏக்கு (ஒரு நேரத்தில் இழுக்கும் மொத்த வலுவின் அளவு) மேல் எடுக்கும் கைத்தொழில் இணைப்பென்றால் மீற்றர் மூன்று வேளைக்குத் தனித்தனியாக யுனிற் எண்ணும்: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், 10.30 முதல் விடிய 5.30 வரை குறைந்த நேரம். உச்ச நேர யுனிற்தான் விலை கூடியது. இவற்றோடு அந்த மாதத்தின் ஆகக்கூடிய கேவிஏயும் ஓடிக்கொண்டிருக்கும். மில் பூட்டும்போது ஒன்று, திறக்கும்போது ஒன்று, மத்தியானம் ஒன்று என்று கொப்பியில் எழுதினால் போதும்.

இரவுக் கணக்கே முதலில் கண்ணில் குத்தும். மில் பூட்டிக் கிடக்க யுனிற் ஏன் ஓடுகிறது? முற்றத்தில் 400 வாற்று சோடியம் லைற் ஒன்று இருந்தது. சோக்கோடு சேர்த்தால் அது 440 வாற்றுக்குக் கிட்ட இழுக்கும். 12 மணித்தியாலத்துக்கு 5 யுனிற்றுக்கு மேல், அதில் நான்கு மணித்தியாலம் உச்ச நேரம். 100 வாற்று எல்இடி விளக்குப் போட்டால் அது 1.2 யுனிற். இதுபோக, கந்தோரில் ஆளில்லாமல் விழித்திருக்கும் யூபிஎஸ்கள், தண்ணீர்ப் போத்தல் இரண்டுக்காக ஓடும் பழைய பிரிட்ஜ். பிரிட்ஜை நிற்பாட்டியதற்குத்தான் கந்தோரில் ஆகப் பெரிய எதிர்ப்பு.

அடுத்தது கேவிஏ. மாதத்தின் ஆகக்கூடிய கேவிஏக்கென்று தனியாகக் கட்டும் இந்தக் கட்டணத்தைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். மோட்டர் தொடங்கும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுப்பதால்தான் கேவிஏ ஏறுகிறது என்று சொல்லி, மோட்டரை நிற்பாட்டப் பயப்படுவார்கள். மீற்றர் பார்ப்பது 15 நிமிடச் சராசரியை. தொடக்க இழுவை சில செக்கனில் அடங்கிவிடும், சராசரியில் அது தெரியாது. கேவிஏயை ஏற்றுவது எல்லா மெசினையும் ஒரே நேரத்தில் ஓடவிடுவது. மாதத்தில் ஒரு நாள், ஒரேயொரு கால் மணித்தியாலம் எல்லாம் சேர்ந்து ஓடினாலும் அந்த உச்சத்துக்கே முழு மாதமும் காசு கட்டவேண்டும்.

நிற்பாட்டப் பயம் என்பது இங்கே பழைய பழக்கமும்தான். முந்தி பல வருடமாக வன்னிக்குள் மெயின் கரண்ட் இருக்கவில்லை, மில் ஓடியது டீசல் எஞ்சினில். எஞ்சினை ஒருக்கால் போட்டால் பின்னேரம்வரை நிற்பாட்டுவதில்லை, திரும்ப எடுப்பது அவ்வளவு பாடு. அதே கையோடு மோட்டரையும் சும்மா சுற்றவிடுகிறோம். 15 கிலோவாற்று மோட்டர் முழுச் சுமையில் 28 அம்பியர் அளவில் எடுக்கும், சும்மா சுற்றும்போதும் அதில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கரண்டில் பெரும்பங்கு மோட்டருக்குள் காந்தம் உண்டாக்கவே போவது, யுனிற்றில் விழாது. ஆனால் கேவிஏயில் விழும், வயரையும் சூடாக்கும்.

எனவே நேரம் பிரித்தோம். பொலிஷர் ஓடும்போது டிரையர் புளோவர் ஓடாது. ஊறப்போடும் தொட்டிக்குத் தண்ணீர் இறைப்பது விடிய 5.30க்கு முதல் முடிந்துவிடும், அதற்கு ரைமரும் மிதவை சுவிச்சும் போதும். டிரையர் ஓடியே ஆகவேண்டுமென்றால் இரவு 10.30க்குப் பிறகு. காலபோக அறுவடை வந்து நெல் மூடை வாசல்வரை அடுக்கிக் கிடக்கும் மாசி, பங்குனியில் இந்த ஒழுங்கு குலையும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மற்ற மாதங்களில் நிலைக்கும்.

அந்தக் காந்தக் கரண்டை மில்லுக்குள்ளேயே கொடுக்கும் கப்பாசிற்றர் வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஆகக்கூடிய பிழை நடப்பது அதில்தான். வலுக்காரணி, கடையில் கேட்டால் பவர் பக்ரர், அதாவது இழுக்கும் கேவிஏயில் உண்மையான வேலைக்குப் போகும் பங்கு, எங்களிடம் 0.75இல் நின்றது. தேவைக்கு மிஞ்சிய பெரிய மோட்டர்கள் அரைச் சுமையில் ஓடினால் அப்படித்தான் இருக்கும். 40 கிலோவாற்று வேலைக்கு 0.75இல் 53 கேவிஏ தேவை, 0.95இல் 42 போதும். அந்த 11 கேவிஏக்கு மாதாமாதம் சும்மா காசு போகிறது. 0.75ஐ 0.95 ஆக்க, ஒரு கிலோவாற்றுக்கு 0.55 அளவில், மொத்தம் 22 கேவிஏஆர் (கப்பாசிற்றரின் அளவு) வேண்டும். நாங்கள் போட்டது 5, 10, 10 என மூன்று படியாக 25. படிகளைத் தேவைக்கேற்பப் போட்டு எடுக்க ஒரு கொன்றோலர், ஒவ்வொரு படிக்கும் கப்பாசிற்றருக்கென்றே செய்யப்பட்ட கொன்ராக்ரர், அதாவது கரண்டால் தானே இணைந்து பிரியும் சுவிச்சு. சாதாரண கொன்ராக்ரரைப் போட்டால் நுனிகள் சில மாதத்தில் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் வெறுமையான கப்பாசிற்றர் இணையும் கணத்தில் இழுக்கும் கரண்ட் அவ்வளவு.

காசு மிச்சம் பிடிக்க கப்பாசிற்றரை மோட்டர் முனையிலேயே கட்டிவிடும் வழக்கமும் இருக்கிறது. குறைந்த வோல்ற்றில் தொடக்கிப் பிறகு முழு வோல்ற்றுக்கு மாற்றும் ஸ்ரார்-டெல்ரா ஸ்ராட்டர் உள்ள மோட்டரில் அது கூடாது, மாறும் கணத்தில் வோல்ற்று பாயும். நேரடியாகத் தொடங்கும் சின்ன மோட்டரில் கட்டினாலும், சும்மா சுற்றும்போது மோட்டர் எடுக்கும் காந்தக் கரண்டில் 90 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் கரண்ட் நின்ற பிறகும் மோட்டர் தானே வோல்ற்று உண்டாக்கும், கை வைத்தவர் பாடு கஷ்டம். பெட்டியைத் தகரக் கூரைக்குக் கிட்டத் தொங்கவிடவும் வேண்டாம். எங்கள் சித்திரை வெயிலில் அங்கே கப்பாசிற்றர் வருடக் கணக்குக்கு நிற்காது. உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வழி சுலபம்: 400 வோல்ற்றில் ஒரு கேவிஏஆருக்கு 1.44 அம்பியர். 10 கேவிஏஆர் படியில், வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீற்றர் ஒவ்வொரு வயரிலும் 14 காட்டவேண்டும். இரண்டு வயரில் 8, 9 என்று காட்டினால் உள்ளே ஒரு பங்கு செத்துவிட்டது. திறக்கமுன் மெயினை நிற்பாட்டி ஐந்து நிமிடம் பொறுத்து, வோல்ற்று மீற்றரை வைத்துப் பார்த்துத்தான் கை வைப்பது.

கரண்டை விட்டு மெசினுக்கு வந்தால் பெல்ற். வீ-பெல்ற் கப்பிக் காடியின் மேல் விளிம்போடு சமனாக இருக்கவேண்டும். கீழே இறங்கி அடியைத் தொட்டால் வழுக்கும், காடியின் அடி கண்ணாடிபோல் பளபளக்கும். இரண்டு கப்பிக்கும் நடுவில் விரலால் அமத்தினால், 1 மீற்றர் நீளத்துக்கு 16 மில்லிமீற்றர் அளவில் இறங்குவது சரி. நான்கு பெல்ற் ஓடும் கப்பியில் ஒன்று அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாகப் போடுவது நட்டம். புதியது இறுகி நின்று முழுச் சுமையையும் தனியே சுமக்கும், பழைய மூன்றும் வழுக்கும். நான்கையும் ஒரே தொகுதியாக மாற்றவேண்டும். புதுப் பெல்ற் இரண்டு நாளில் தளரும், திரும்ப இறுக்க மறக்கக்கூடாது.

ஆகக்குறைந்த செலவில் ஆகக்கூடிய பலன் வந்தது புளோவர் கப்பியில். உமி இழுக்கும் புளோவரின் காற்றுக் கதவு எப்போதும் பாதி மூடியே இருந்தது. காற்று மிஞ்சுகிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. புளோவர் கேட்கும் வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறி இறங்கும். மோட்டர் கப்பி 6 அங்குலம் இருந்ததை 5 அங்குலமாக்கினால் வேகம் ஆறில் ஐந்து பங்கு, வலு 58 சதவீதம். கதவை முழுதாகத் திறந்துவிடலாம். லேத்துப் பட்டறைச் செலவு மட்டும்தான். கவனிக்க வேண்டியவை இரண்டு. பி வகைப் பெல்ற் 5 அங்குலத்துக்குக் கீழ் வளைந்தால் சீக்கிரம் வெடிக்கும், அதற்குக் கீழ் போகவேண்டாம். இன்னொன்று உமி. வேகம் குறைந்து உமி குழாயின் வளைவில் தங்கத் தொடங்கினால் அடைத்துவிடும், அரிசியோடும் உமி வரும். முதல் நாள் முழுக்க வளைவைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெற்றுச் சத்தம் வந்தால் சரி, மொத்தென்று கேட்டால் உள்ளே உமி நிற்கிறது.

பொலிஷரில் கரண்டைத் தின்பது தேவைக்கு மேல் தீட்டுவது. அரிசி வெளிவரும் வாசல் கதவின் பாரக்கட்டையை ஒரு படி வெளியே தள்ளினாலே அம்பியர் ஏறுவது தெரியும், குறுணலும் கூடும். அம்பியர் மீற்றரில் வெள்ளையரிசிக்கு ஒரு கோடு, ஆட்டக்காரி போன்ற சிவப்பரிசிக்கு அதற்குக் கீழே ஒரு கோடு என்று பெயின்றால் போட்டுவிட்டோம். றப்பர் றோலில் வேகமாகச் சுற்றும் றோல்தான் கூடத் தேயும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால் ஆயுள் கூடும், உடையாமல் திரும்பி வரும் நெல்லும் குறையும். நூற்றுக்கு நூறும் ஒரே தடவையில் உடைக்க றோலை நெருக்குவது வீண். 85 முதல் 90 சதவீதம் உடைந்தால் போதும், மிச்சம் திரும்பி வரட்டும். நெல்லின் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மேலே சொன்ன எதுவும் சரிவராது. ஈரம் பார்க்கும் மீற்றர் இல்லாமல் பல்லால் கடித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பல் கெட்டிக்காரப் பல், ஆனால் 14க்கும் 16க்கும் வித்தியாசம் சொல்லாது.

மூன்று வயரின் வோல்ற்றையும் மாதம் ஒருக்கால் அளப்பது நல்லது. கந்தோர் ஏசி, லைற் எல்லாம் ஒரே வயரில் தொங்கினால் சமநிலை குலையும். 3 சதவீத வித்தியாசமே மோட்டரின் சூட்டை 18 சதவீதம் கூட்டும். பிறகு வைண்டிங் கடைக்குத்தான் போகவேண்டும்.

கந்தோர்ப் பக்கம் சொல்ல அதிகமில்லை. ஏசியை 26இல் வைத்து பான் போட்டால் காணும். ஆனால் மில்லில் ஏசி வடி இரண்டு கிழமைக்குள் தவிட்டுத் தூசியால் அடைத்துவிடும், கழுவவேண்டும். வெளிப்பெட்டியை உமி விழும் பக்கம் வைக்கவே கூடாது. மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு கிடுகுப் பந்தல் போட்டதும் பின்னேர வெக்கை குறைந்தது. எல்இடி ரியூப் போடும்போது பழைய சோக்கைக் கழற்றி வயறிங்கை நேராக்காவிட்டால் சோக் தன் பங்கைத் தின்றுகொண்டே இருக்கும். மில்லுக்குள் கூரையில் நாலைந்து ஒளி விடும் தகடு போட்டால் பகலில் லைற்றே தேவையில்லை, தூசியைத் துடைத்தால்.

சோலார் கடைசியாக வந்தது. பகல் யுனிற்றைக் குறைக்கிறது, உண்மை. ஆனால் கேவிஏயை அது பெரிதாகத் தொடாது, முகில் மூடிய ஒரு கால் மணித்தியாலம் போதும் பழைய உச்சம் திரும்பி வர. வெளியிலிருந்து எடுக்கும் கிலோவாற்று குறைய, மோட்டர் கேட்கும் காந்தக் கரண்ட் அப்படியே நிற்பதால், மீற்றரில் பவர் பக்ரர் முன்னையதைவிட மோசமாகத் தெரியும். கப்பாசிற்றர் இல்லாமல் சோலார் போட்டவர்கள் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். மெயின் கரண்ட் போனால் சாதாரண சோலார் இன்வேட்டரும் நின்றுவிடும், வெயில் எரித்தாலும் மில் ஓடாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகட்டில் புழுதியும் தவிடும் சேர்ந்து பசைபோல் படியும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்சியம் கூடியது. அதால் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் படை விழும், அந்தப் படை தேய்த்தாலும் போகாது. மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரால், விடியற்காலை தகடு குளிர்ந்திருக்கும்போது, மென்மையான தூரிகையால் கழுவுகிறோம்.